மிளகாயும் ஆறாவது மெஷினும்

அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கிற அக்காவுக்கு வியாழக்கிழமை வந்தாலே பயம். அன்றைக்குத்தான் மெஷின் அறையைப் பெருக்க வேண்டும். மூன்றாவது மாடியின் கடைசியில் இருந்த அந்த அறை, ஒரு அலமாரியை விடக் கொஞ்சம் பெரிசு. உள்ளே எந்நேரமும் குளிர். சுவர் முழுக்கப் பிளக்குகள், ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற பிளக்குகள். எல்லாவற்றிலும் இங்கிலீஷில் பொடி எழுத்து. எதைத் தொட்டால் எது அணையும் என்று தெரியாமல், அக்கா கடவுளை ஒருமுறை கூப்பிட்டுவிட்டு, தூசி உறிஞ்சும் மெஷினை வெளியே தாழ்வாரத்தில் செருகுவாள். வயர் பாதி அறைக்குத்தான் எட்டும். மீதியை மண்டி போட்டுத் துணியால் துடைப்பாள். அக்கா படித்தது நாலாவது வரைக்கும். நம் எழுத்தில், பெரிசாக எழுதியிருந்தால், கூட்டிக் கூட்டி வாசிப்பாள்.

ஒரு வியாழக்கிழமை கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சிவப்பு மையில், ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி கொட்டை எழுத்தில், "தொடாதீங்க". கதவுக்குப் பக்கத்தில், கீழே, ஒரே ஒரு பிளக்கில் மட்டும் பச்சைச் சீட்டு. அக்கா குனிந்து, உதட்டை அசைத்து வாசித்தாள். "இது உங்களுக்கு."

யார் ஒட்டியது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் குப்பைக் கூடைகளைக் கொட்டும்போதுதான் தெரிந்தது. ஜன்னலோரத்து மேஜையின் கூடையில் கிழித்துப் போட்ட சீட்டுகள் கிடந்தன. முதலில் சின்ன எழுத்தில் எழுதி, பிறகு கொஞ்சம் பெரிசாக, பிறகு இன்னும் பெரிசாக எழுதிப் பார்த்திருந்தது கை. அந்த மேஜைக்காரியிடம் நன்றி சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குப்பைய எடுத்தாச்சுல்ல? கெளம்புங்க. தலைக்கு மேல வேலை கெடக்கு."

அவள்தான் மிளகாய்.

அப்படித்தான் எல்லாரும் அவளை முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். முகத்துக்கு நேரே கூப்பிடும் தைரியம் யாருக்கும் இல்லாததால் வேறு பெயர் தேவைப்படவும் இல்லை. நாற்பது வயசு, ஒல்லி உடம்பு, மூக்கு நுனியில் எப்போதும் ஒரு கோபம் உட்கார்ந்திருக்கும். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது அவள் வேலை. கீபோர்டில் அவள் அடித்த அடியில் பாதி எழுத்து அழிந்துபோயிருந்தது. லிஃப்ட் தாமதமாக வந்தால் லிஃப்டைத் திட்டுவாள். மழை பெய்தால் மழையைத் திட்டுவாள். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று ஒரு புது ஆள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டான். "ஆளு கெடைச்சான். பொறுமைதான் கெடைக்கல" என்றாள். அதன் பிறகு அவன் அவள் இருக்கிற பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை.

அக்கா ஆரம்பத்தில் "மேடம்" என்று கூப்பிட்டாள். "மேடம்னு சொன்னா எனக்குக் காது கேக்காது" என்றாள் மிளகாய். அதிலிருந்து "தங்கச்சி". அதற்கு மட்டும் காது கேட்டது.

அந்த அலுவலகம் ஊருக்கெல்லாம் ஆம்புலன்ஸ் அனுப்புகிற கம்பெனி. ஊரைச் சுற்றி ஐந்து கிளை, கிளைக்கு ஒரு சர்வர் மெஷின். சர்வர் என்றால் ஓட்டலில் பரிமாறுகிறவர் என்றுதான் அக்காவுக்குத் தெரியும். "இதுவும் பரிமாறுறதுதான், ஆனா சத்தம் போடாது" என்று மிளகாய் சொல்லி வைத்திருந்தாள். மூன்றாம் நம்பர் மெஷின் இந்தக் குளிர் அறையில் இருந்தது, அரதப் பழசு. அதை மாற்றச் சொல்லி மிளகாய் நாலு தடவை எழுதிக் கொடுத்து, நாலு தடவையும் மேலாளர் மேஜையில் அது தூங்கியது.

முன்பெல்லாம் நடுவில் ஒரு பெரிய மெஷின் இருந்ததாம். எந்தப் போன் வந்தாலும் அது வழியாகத்தான் போக வேண்டும். ஒரு நாள் அது படுத்துவிட்டது. நாற்பது நிமிஷம் ஊருக்கே காது கேட்கவில்லை. அன்றைக்கு மிளகாய் போட்ட சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது என்று காவல்காரர் இன்னும் சொல்லுவார். அதற்குப் பிறகு எட்டு மாதம் உட்கார்ந்து, ஜாவாஸ்கிரிப்ட் என்கிற ஒரு கம்ப்யூட்டர் பாஷையில், ஐந்து மெஷினும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிற மாதிரி எழுதினாள். நடுவில் தலை கிடையாது. மேலே ராஜா கிடையாது.

ஒரு மத்தியானம், சாப்பாட்டு மேஜையைத் துடைக்க வந்த அக்காவிடம் அவளே கேட்டாள்.

"உங்க தெருவுல தண்ணி வண்டி வந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மொதல்ல பாக்குறவ பக்கத்து வீட்டுக் கதவத் தட்டுவா. அவ அடுத்த வீட்டத் தட்டுவா."

"ஒருத்தி வீடு பூட்டியிருந்தா?"

"தாண்டிப் போயி அடுத்த வீட்டத் தட்டுவோம். இதுல என்ன இருக்கு?"

"அதான்க்கா! நான் எட்டு மாசம் எழுதுனது அவ்வளவுதான். வர்ற போன் மெசேஜா மாறும். அஞ்சு மெஷினுக்கும் முறை வச்சு ஒவ்வொண்ணுகிட்டப் போகும். ஒண்ணு பதில் சொல்லலேன்னா அடுத்ததத் தட்டும். 'வாங்கிட்டேன்'னு ஒண்ணு சொல்ற வரைக்கும் விடாது. வாங்கினது வண்டி அனுப்பும். உங்களுக்கு ஒரு நிமிஷத்துல புரியுது. நம்ம மேலாளருக்கு மூணு வருஷமாப் புரியல."

"புதுசா ஒருத்தங்க குடி வந்தா?"

"முழிச்சதும் ஒரு ரகசிய வார்த்தை சொல்லிக் கூப்பிடும். வார்த்தை சரியா இருந்தா மத்தது எல்லாம் 'வா'ன்னு சேத்துக்கும். யாருகிட்டயும் கைகட்டி நின்னு அனுமதி கேக்க வேணாம்." அதைச் சொல்லும்போது மட்டும் மிளகாய் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது.

இன்னொரு நாள் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அதையும் கோபமாகத்தான் சொன்னாள். அம்மா ஒரு சின்ன ஊரின் டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்தாள். ஊரில் யார் யாரைக் கூப்பிட்டாலும் அவள் கையால் வயரைச் செருகி இணைக்க வேண்டும். ஒரு தடவை ஒரு மரக்கடை தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டிக்குப் போன் போகவில்லை. அவள் தூங்கிவிட்டாள் என்று ஊரே சொன்னது. "நானும் கண் அசந்திருப்பேன் போல" என்று அவளே நம்பி, அழுது, வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். "அந்த நேரம் அவ சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தாக்கா. எனக்குப் பரிமாறிக்கிட்டு இருந்தா. எனக்கு அப்போ பன்னெண்டு வயசு. வேற ஒரு ஆளு அங்க உக்காந்திருந்தான். யாரும் கேக்கல. அவளே கேக்கல." சொல்லிவிட்டு டிபன் டப்பாவை மூடிய சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை மிளகாய் லீவு. கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருந்தாள். பல் டாக்டரைக் கடிக்காமல் வந்தால் சரி என்று அலுவலகம் சிரித்தது.

அக்கா வழக்கம்போல மெஷின் அறையைப் பெருக்கினாள். பச்சைச் சீட்டுப் பிளக்கில்தான் செருகினாள். பாதியில் மேலாளர் வந்து கதவைத் தட்டி, "சீக்கிரம் முடி, பதினோரு மணிக்கு விருந்தாளிங்க வர்றாங்க, தண்ணி வைக்கணும்" என்றார். அக்கா பூட்டிவிட்டு, கை கழுவி, கூட்ட அறைக்குக் கண்ணாடி டம்ளர்களை எடுத்துப் போனாள்.

வேறு ஊரிலிருந்து எட்டுப் பேர் வந்திருந்தார்கள். இந்த ஏற்பாட்டைத் தங்கள் ஊருக்கும் வாங்கலாமா என்று பார்க்க வந்தவர்கள். மேலாளர் தன் லேப்டாப்பைப் பெரிய திரையில் மாட்டி, ஊரின் வரைபடத்தைக் காட்டினார். லேப்டாப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னும். "இப்ப ஒருத்தர் கூப்பிடுறாருன்னு வச்சுக்குங்க" என்று அழுத்தினார். மின்னியது. இன்னொரு தடவை அழுத்தினார். மின்னியது. எல்லாம் வெறும் பாசாங்கு என்று அக்காவுக்கும் புரிந்தது.

பேசிப் பேசித் தொண்டை வறண்டு, அவர் தண்ணீர் கேட்டார். அக்கா டம்ளரை அவர் வலது கையில் கொடுத்தாள். இடது கையில் கைக்குட்டை. அப்போது, யாரும் எதையும் அழுத்தாமல், திரையில் மூன்றாவதாக ஒரு சிவப்புப் புள்ளி மின்னியது. வட்டப் பூங்காவுக்குப் பக்கத்தில். மேலாளர் திடுக்கிட்டதில் தண்ணீர் தரையில் சிந்தியது. மறு நொடியே சிரித்துக்கொண்டு, "பாத்தீங்களா, எவ்வளவு உயிரோட்டமா இருக்கு!" என்றார். எட்டுப் பேரும் கை தட்டினார்கள். அக்கா மண்டி போட்டுத் தண்ணீரைத் துடைத்தாள்.

வட்டப் பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு தையல்காரர், தைத்துக்கொண்டிருந்த மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணிப் போயிருந்தது. அவர் மனைவி ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாள். "வண்டி வருது" என்று பதிவு செய்து வைத்த குரல் சொன்னது. அவள் வாசலில் நின்றாள். திரும்பவும் போன் பண்ணினாள். "ஏற்கெனவே அனுப்பியாச்சு" என்றது அதே குரல். நாற்பத்தேழு நிமிஷம் கழித்து, காய்கறி ஏற்றுகிற ஒரு வண்டியில் மூட்டைகளைத் தள்ளிவிட்டு அவரைப் படுக்கவைத்துக் கொண்டு போனார்கள். உயிர் தங்கியது. வலது கை தங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேலாளர் அக்காவைக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு காகிதம் இருந்தது.

"நேத்து நீ பெருக்கினப்போ மூணாம் நம்பர் மெஷின் வயரைப் புடுங்கிட்ட. மெஷின் நின்னுபோச்சு. ஒரு அவசரக் கூப்பாடு காணாமப் போச்சு. ஒரு மனுஷனுக்குக் கை போச்சு."

"ஐயா, நான் பச்சைச் சீட்டுலதான்..."

"மெஷின் நின்னதுக்கு ஆதாரம் இருக்கு. அந்த அறைக்குள்ள உன்னைத் தவிர யாரும் போகல. தெரியாமப் பண்ணிட்டேன்னு கையெழுத்துப் போடு. போலீசு கீலீசுன்னு போகாம நான் பாத்துக்கறேன். திங்கக்கிழமை மூணு மணிக்கு அந்தாளோட பொண்டாட்டி வருது. அதுக்குள்ள போட்டுரு."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அக்கா கடவுளுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த அறையை மனசுக்குள் திரும்பத் திரும்பப் பெருக்கினாள். குழாய் ஏதாவது வயரில் இடித்ததோ? முதுகைத் திருப்பும்போது புடவை மாட்டியதோ? இடிக்கவில்லை என்று ஒரு மனசு சொன்னது. இடித்திருக்கும் என்று இன்னொரு மனசு சொன்னது. ஒரு ஆளின் கை போயிருக்கிறதே, சும்மாவா போகும், யாரோ செய்திருக்கத்தானே வேண்டும்? ஞாயிறு சாயந்திரம் இரண்டாவது மனசு ஜெயித்தது. "நான்தான் பண்ணியிருப்பேன் போல" என்று அக்கா புருஷனிடம் சொன்னாள். புருஷன் அவள் தலையில் கை வைத்தார். அது இன்னும் அழுகையைக் கொண்டுவந்தது.

திங்கள் காலை, கன்னம் வீங்கிய மிளகாய் மாடிப்படி ஏறி வந்தாள். மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்து, துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

அக்கா காகிதத்தை நீட்டினாள். மிளகாய் வாசித்தாள். வீங்கிய கன்னத்தோடு அவள் போட்ட சத்தத்தில் இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்து மூடியது.

"வயரைப் புடுங்கினா மெசேஜ் காணாமப் போகுமா? அஞ்சுல ஒண்ணு செத்தா மத்த நாலும் சேந்து சாகுற மாதிரியா நான் எழுதி வச்சிருக்கேன்? என்ன நெனச்சுக்கிட்டு இருக்கான் அந்தாளு? நீங்க புடுங்கியே இருந்தாலும் அது காரணம் இல்லக்கா! நீங்க கோடாலி எடுத்து அந்த மெஷினை வெட்டிப் போட்டிருந்தாலும் காரணம் இல்ல!"

"நான் வெட்டல தங்கச்சி" என்றாள் அக்கா பயந்துபோய்.

"தெரியும்! எத்தனை மணிக்கு அது நின்னுச்சாம்?"

"தெரியாதும்மா."

"நீங்க கேக்கல?"

"எப்படிம்மா கேக்குறது? ஒரு மனுஷனுக்குக் கை போயிருச்சுன்னு சொல்றாங்க. நான் மணி கேட்டா நல்லாவா இருக்கும்?"

மிளகாயும் படியில் உட்கார்ந்து, பையிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்து மடியில் வைத்துத் தட்ட ஆரம்பித்தாள். மெஷின்கள் ஒவ்வொன்றும் தான் செய்ததை ஒரு வரி விடாமல் எழுதி வைக்குமாம்.

"மூணாம் மெஷின் நின்னது பதினொன்னு அஞ்சுக்கு. பழைய சனியன், அதுவாச் சூடேறி நின்னிருக்கு. பதினொன்னு அஞ்சுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"கூட்ட அறையில. பதினோரு மணிக்கே தண்ணி வச்சுட்டேனே."

மிளகாய் பல்லைக் கடித்தாள். பல் பிடுங்கிய இடம் வலித்திருக்க வேண்டும், முகம் கோணியது. "போன் வந்தது பதினொன்னு பன்னெண்டு. அப்போ நாலு மெஷின் முழிச்சுத்தான் இருந்திருக்கு. அப்புறம் எப்படி?"

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். தெருவில் இப்படி ஒரு தடவை நடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. "பூட்டுன வீட்டால தகவல் நிக்காது தங்கச்சி. ஒருத்தி கதவத் தெறந்து, 'சரி, நான் சொல்லிடறேன்'னு வாங்கி வச்சுக்கிட்டு, உள்ள போய்ப் படுத்துக்குவா பாரு, அப்பத்தான் நிக்கும். மத்தவங்க அவ சொல்லியிருப்பான்னு இருந்துருவாங்க."

மிளகாயின் விரல் நின்றது. மெல்லத் திரையை மேலே நகர்த்தினாள். 'வாங்கிட்டேன்' என்று பதில் சொன்ன மெஷின் எது என்று தேடினாள். ஒன்று இல்லை. இரண்டு இல்லை. நாலு இல்லை, ஐந்து இல்லை.

"ஆறு" என்றாள். "ஆறாவதா ஒண்ணு வந்து சேந்திருக்கு. பத்து அம்பதுக்கு வந்து, பதினொன்னு நாப்பதுக்குப் போயிருக்கு. பேரு..." அந்தப் பெயர் மேலாளருடைய லேப்டாப்பின் பெயர்.

அப்போதுதான் அக்காவுக்கு மூன்றாவது சிவப்புப் புள்ளி ஞாபகம் வந்தது. வட்டப் பூங்கா, டம்ளர், கை தட்டல், தரையில் சிந்திய தண்ணீர் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் மாறியது. கை தட்டினார்களே. ஒரு மனுஷன் வாய் கோணிக் கிடந்ததற்கு எட்டுப் பேர் உட்கார்ந்து கை தட்டினார்களே.

மிளகாய் எழுந்து மேலாளர் அறைக்கு ஓடுவாள் என்று அக்கா நினைத்தாள். அவள் ஓடவில்லை. கம்ப்யூட்டரை மூடி, நெற்றியை அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

"ரகசிய வார்த்தையை அந்தாளுக்குக் குடுத்தது நான்தாங்க்கா."

ஆறு மாதத்துக்கு முன்பு, வருகிறவர்களுக்குக் காட்ட, தன் லேப்டாப்பில் ஓடுகிற மாதிரி ஒரு நகல் வேண்டும் என்று மேலாளர் கேட்டார். அதற்கென்று தனியாக ஒரு வார்த்தை வைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை. பத்துத் தடவை வந்து நின்றார். பத்தாவது தடவை மிளகாய்க்குக் கோபம் தலைக்கேறி, நிஜ மெஷின்களின் வார்த்தையையே ஒரு சீட்டில் கிறுக்கி, "எடுத்துட்டுப் போங்க, தொல்லை விட்டுச்சு" என்று வீசினாள். நகல் முழித்ததும் நிஜ வார்த்தையைச் சொல்லியிருக்கிறது. நிஜ மெஷின்கள் நம்பி "வா" என்றிருக்கின்றன. முறை வந்தபோது தையல்காரரின் கூப்பாட்டை அதன் கையில் கொடுத்திருக்கின்றன. அது "வாங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, புள்ளியைக் காட்டி, சும்மா இருந்துவிட்டது. அதற்கு அனுப்ப வண்டி ஏது?

"என் கோவத்தால வந்தது" என்றாள் மிளகாய். திட்டுவதற்கு அன்றைக்கு அவளுக்கு அவள்தான் கிடைத்தாள்.

மூன்று மணிக்கு முதலாளி அறையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முதலாளி மெல்லப் பேசுகிற மனிதர், யாரையும் கடிந்துகொள்ள மாட்டார், யாருக்காகவும் நிற்கவும் மாட்டார். தையல்காரரின் மனைவி நாற்காலியில் உட்காரவில்லை. போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பதினொன்னு பன்னெண்டுக்கு மொதல் போன். நாப்பத்தேழு நிமிஷம் வாசல்ல நின்னேன். வண்டி வருதுன்னு சொன்னது உங்க குரல். ஊசியில நூல் கோக்குற கை அது. இப்போ ஒரு டம்ளரப் புடிக்கல. யாரு பண்ணது? எனக்கு ஆள் வேணும்."

"உங்க வேதனை புரியுதும்மா" என்றார் முதலாளி. "எங்ககிட்ட பெருக்குற ஒரு அம்மா, படிப்பறிவு கெடையாது, தெரியாம ஒரு வயரை..."

தையல்காரரின் மனைவி திரும்பி அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அக்கா சாகிற வரைக்கும் மறக்க மாட்டாள். கூலிக்கு உழைக்கிற ஒருத்தி, தன்னைப் போலவே உழைக்கிற இன்னொருத்தியைப் பார்க்கிற பார்வை அது. நீயா, உன்னால்தானா, என்று கேட்டது.

அக்கா யார் மேலும் கோபப்பட்டு அறியாதவள். கோபம் வந்தால் கடவுள் பெயரைச் சொல்லி விழுங்கிவிடுவாள். அன்றைக்கும் கடவுள் பெயரைச் சொன்னாள். ஆனால் விழுங்கவில்லை.

"ஐயா" என்று மேலாளரைப் பார்த்தாள். "அன்னிக்கு நான் உங்களுக்குத் தண்ணி குடுத்தேன். வலது கையில டம்ளர். இடது கையில கைக்குட்டை. பொத்தானை யாரு அழுத்துனது?"

மேலாளர் முதலாளியைப் பார்த்தார்.

"பூங்காப் பக்கத்துல புள்ளி தானா வந்துச்சு. நீங்க பாத்தீங்க. திடுக்கிட்டீங்க. தண்ணி சிந்துச்சு. தொடைச்சது நான்தான். அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுருச்சு இல்ல?"

"இந்தம்மாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும், சார்?" என்றார் மேலாளர்.

"எனக்குப் படிப்புத் தெரியாது. கை தட்டுனது தெரியும். அந்தண்ணன் அங்க விழுந்து கெடந்தாரு, இங்க எல்லாரும் கை தட்டுனாங்க. நீங்களும் சிரிச்சீங்க. அப்புறம் வந்து என்கிட்டக் கையெழுத்துக் கேக்குறீங்க!" அக்கா குரல் அறைக்கு வெளியே போனது. தன் குரல்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மிளகாய் இரண்டு காகிதங்களை மேஜையில் வைத்தாள். ஒன்று முதலாளிக்கு, ஒன்று தையல்காரரின் மனைவிக்கு.

முதலாளி அவசரமாகக் கையை நீட்டினார். "உள் விஷயத்தை வெளி ஆள் முன்னாடி பேச வேணாமே."

"வெளி ஆளா? போனது அவங்க வீட்டுக் கை!" என்றாள் மிளகாய். பிறகு தையல்காரரின் மனைவி பக்கம் திரும்பி, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் நடந்ததைச் சொன்னாள். ஆறாவது மெஷினைப் பற்றிச் சொன்னாள். தான் வீசிய சீட்டைப் பற்றியும் சொன்னாள். "அதுல எழுதியிருக்கேன். என் தப்பையும் எழுதியிருக்கேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"உண்மையச் சொல்லிட்டேன்னு உன்னை விட்டுருவேன்னு நெனைக்கிறியா?" என்றாள் தையல்காரரின் மனைவி.

"விட வேணாம்."

அவள் காகிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். போகிற வழியில் அக்காவின் தோளை ஒரு தடவை தொட்டாள். யாரையும் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டிய கடமை அவளுக்கு இல்லை.

மேலாளரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். அதோடு சரி, அங்கேயும் அவர் மேலாளர்தான். கம்பெனியின் உள் விஷயத்தை வெளியே கொடுத்ததற்காக மிளகாயை வெள்ளிக்கிழமையோடு போகச் சொன்னார்கள். அக்காவின் காகிதத்தை முதலாளியே கிழித்துப் போட்டு, "நடந்தது நடந்துபோச்சு, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். அக்கா மனசில் வைத்துக்கொண்டாள். இந்தக் கோபத்தை எடுத்துவிடு என்று சில நாள் கடவுளிடம் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டாள். சில கோபம் அவர் கொடுத்ததாகவும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மிச்சமிருந்த நாட்களில் மிளகாய் அந்த ஒரு மணி நேர வேலையைச் செய்து முடித்தாள். நிஜ மெஷின்களுக்குப் புது வார்த்தை வைத்தாள். நகலுக்கு வேறு வார்த்தை வைத்தாள். நகல் எவ்வளவு கத்தினாலும் நிஜ மெஷின்கள் இனிமேல் கதவைத் திறக்காது. மூன்றாம் நம்பர் மெஷினையும் ஒருவழியாக மாற்றினார்கள். புது மெஷினின் பிளக்கில், போகிற அன்று காலையில், அவளே சிவப்புச் சீட்டு ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம், எழுத்து அழிந்த கீபோர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு துணிப்பையோடு அவள் படியிறங்கி வந்தாள். கீபோர்டு அவள் சொந்தக் காசில் வாங்கியதாம், விட்டுவிட்டுப் போக மாட்டாளாம். லிஃப்ட் வரவில்லை என்று லிஃப்டைத் திட்டிவிட்டுத்தான் படிக்கு வந்திருந்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அக்கா படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்து, அவள் கையைப் பிடித்தாள். கடவுள் உன்னை நல்லா வச்சிருக்கணும் என்று சொல்ல நினைத்தாள். அழுகை முந்திக்கொண்டது.

மிளகாய் கையை உருவிக்கொள்ளவில்லை. முகம் மட்டும் எப்போதும்போல் கடுகடுவென்று இருந்தது.

"அடுத்த தடவை எவனாவது வந்து நீதான் பண்ணேன்னு சொன்னா, இப்படி அழாதீங்கக்கா" என்றாள். "எத்தனை மணிக்குன்னு கேளுங்க."